படிவத்தில் இல்லாத பதினேழாவது கேள்வி

போன மாதம் ஷர்மிளா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த நன்னடத்தை அலுவலர் அவள்.

"மேடம், இனிமே எல்லாம் டேப்லெட்லதான். ஒரு கேள்விக்குப் பதில் தொட்டாதான் அடுத்த கேள்வி வரும். மொத்தம் பதினாறு. ஆனா நம்ம ஆபீஸ் பழைய ஃபைல்ல மட்டும் பதினாறுக்குக் கீழ பென்சில்ல பதினேழுன்னு ஒண்ணு இருக்கு. 'எதிர்த்தரப்பார் செய்யும் தொழில்'னு. வேற எந்த ஆபீஸ் ஃபைல்லயும் இல்ல. யாரு மேடம் இதைப் போட்டது?"

நான்தான் போட்டது. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எங்கள் வேலை என்னவென்று பலருக்குத் தெரியாது. தண்டனை அனுபவிக்கும் கைதி ஒருவர் பத்து நாள் விடுப்பு கேட்பார். இன்னொருவரைச் சிறைச் சுவருக்கு வெளியே வேலைக்கு அனுப்பலாமா என்று சிறையிலிருந்து கேட்பார்கள். அனுமதி கொடுப்பதற்கு முன்னால் ஒருவர் அவருடைய தெருவுக்குப் போய் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு வரவேண்டும். அவரால் யாருக்காவது ஆபத்தா? யாராலாவது அவருக்கு ஆபத்தா? ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் இருபத்தாறு வருஷம் அந்த ஒருவர் நான். பயிற்சியில் சட்டப் பிரிவுகளைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உங்க பிள்ளையைக் கொன்னவரைப் பத்திப் பேச வந்திருக்கேன்" என்று எப்படி ஆரம்பிப்பது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

எனக்குப் பயம் கூடப் பிறந்தது. காஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கத் திருவொற்றியூர் ஸ்டேஷன் வரை போய்விட்டுத் திரும்பி வீட்டுக்கு வந்தவள். கும்மிடிப்பூண்டி ரயில் ஐந்து நிமிஷம் தாமதமானால் எங்கேயோ தண்டவாளம் பெயர்ந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறவள். இப்படிப்பட்டவளுக்கு, 'இவரை வெளியே விடலாம்' என்று கையெழுத்துப் போடும் உத்தியோகம். கடவுளுக்குக் குசும்பு கொஞ்சம் அதிகம்தான்.

இந்த வேலையில் ஒரு அநியாயம் உண்டு. வேண்டாம் என்று எழுதினால் யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். அந்த ஆள் உள்ளேயே கிடப்பார், உங்கள் தூக்கம் கெடாது. விடலாம் என்று எழுதினால் அவர் வெளியில் இருக்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்குப் பரீட்சை. தேறிவிட்டீர்கள் என்று யாரும் சொல்லப் போவதில்லை. இன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் தெருமுனை டீக்கடை. யாரென்று சொல்லாமல் ஒரு டீ குடித்தால் பாதி விசாரணை முடிந்துவிடும். அடுத்து காவல் நிலையம். பிறகு கைதியின் வீடு. அங்கே உட்கார்ந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்பேன். அந்தப் பக்கமெல்லாம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற ஜனம். ஒரு சொம்பு தண்ணீரை யாரையும் கேட்காமல் யார் எடுத்து வருகிறார்களோ, அந்த வீட்டில் அவர் சொல்தான் செல்லும். அவரிடம்தான் நான் பேசுவேன். கடைசியாக, பாதிக்கப்பட்டவரின் குடும்பம். படிவத்தில் அவர்களுக்கு 'எதிர்த்தரப்பார்' என்று பெயர். கைதியை எந்த இடத்தில், எந்த நேரத்தில் வேலைக்கு விடப்போகிறோம் என்பதை அவர்களுக்கு முழுதாக வாசித்துக் காட்டி, ஒரு நகல் கொடுத்து, கையெழுத்து வாங்கவேண்டும். அது விதி.

எங்கள் மண்டல அதிகாரி ஞானராஜ் சார் தூத்துக்குடிப் பக்கம். வீட்டார் மொத்த மளிகை வியாபாரிகள், இவர் மட்டும் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்துவிட்டார். திட்டவே மாட்டார், அதனால்தான் அவரிடம் எனக்கு அவ்வளவு நடுக்கம். அவர் அறையில் மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் நாம் உட்காரலாம். மற்றதில் யாரும் உட்காரக் கூடாது. கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த ஒருவரைக்கூட வேறு நாற்காலி வரும்வரை நிற்க வைத்திருக்கிறார். அறிக்கையைக் கொடுத்தால் வாங்கமாட்டார்.

"அந்தச் சேர்ல செத்தவனோட அம்மா இருக்காவ. அவுகளுக்கு வாசிங்கம்மா" என்பார்.

காலி நாற்காலியைப் பார்த்துச் சத்தமாக வாசிக்கவேண்டும். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. 'சிறு தகராறில் ஏற்பட்ட மரணம்' என்று எழுதியிருந்தேன். அந்தச் 'சிறு' என்ற சொல்லை அந்த நாற்காலிக்கு முன்னால் என்னால் வாசிக்க முடியவில்லை. சார் பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டார். வாசிக்க முடியாததை அடித்துவிட வேண்டியதுதான்.

இனி குணா விஷயம்.

குணா வியாசர்பாடி. இருபத்து மூன்று வயதில், ஒரு கேரம் போட்டி முடிந்த பிறகு வந்த சண்டையில் பாபு என்கிற பையனை இரும்புக் குழாயால் அடித்துவிட்டான். பாபு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான். குணாவுக்கு ஆயுள் தண்டனை. ஒன்பது வருஷம் உள்ளே ஒரு கெட்ட பெயர் இல்லை. சிறை நிர்வாகம் நடத்தும் பெட்ரோல் பங்க் ஒன்றில், மணலி டேங்கர் லாரிகள் போகும் சாலையில், அவனை வேலைக்கு விடலாமா என்று கோப்பு வந்தது. பகலில் வேலை, மாலையில் சிறை.

பாபுவின் குடும்பம் அந்தச் சாவுக்குப் பிறகு வியாசர்பாடியில் இருக்கப் பிடிக்காமல் எண்ணூருக்குக் குடிபோயிருந்தது. போனேன். அம்மா முனியம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"வரட்டும்மா. அவன் உள்ள கெடந்தா மட்டும் என் புள்ள எழுந்து வந்துடப் போறானா?" என்றார்.

மூத்த மகன் மதி லுங்கியோடு வாசற்படியில் நின்றான். நான் வாசித்து முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. கடைசியில் ஒன்று கேட்டான்.

"எந்த பங்க்கு மேடம்?"

திரும்பவும் சொன்னேன். தலையாட்டினான். இவ்வளவு அமைதியான அண்ணன் என்று எனக்கு நிம்மதி. படிவத்தில் பதினோராவது கேள்வி, எதிர்த்தரப்பார் வசிக்கும் இடம், பணியிடத்திலிருந்து தூரம். 'எண்ணூர். பதினொரு கிலோமீட்டர். தற்செயலாகச் சந்திக்க வாய்ப்பில்லை' என்று எழுதினேன். அந்த வாக்கியத்தில் எனக்குப் பெருமை வேறு. நாற்காலிக்கும் தடங்கலில்லாமல் வாசித்தேன். குணா நீலச் சட்டையும் தொப்பியும் போட்டு வெளியே வந்தான்.

மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும். மூன்றாவது மாதம், ஒரு புதன்கிழமை, மேலாளரின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பதினோரு மணி இருக்கும். சரக்கு இறக்கிவிட்டு வந்த டேங்கர் ஒன்று டீசல் பம்ப்பில் நின்றது. டிரைவர் குதித்து இறங்கினார். யாரோ தெரிந்த முகம் என்று பார்த்தேன்.

மதி.

குணாதான் அந்தப் பம்ப்பில். "ஜீரோ பாத்துக்கோங்க" என்று அவன் வாய் அசைந்தது தெரிந்தது. பங்க்கில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்வதுதான். மதி மீட்டரைப் பார்க்கவில்லை. இரண்டு முழம் தள்ளி நின்று குணாவின் கையையே பார்த்தான். குழாய் பிடித்திருந்த வலது கை நடுங்கியது. குணா இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அப்படியும் டீசல் தரையில் சிந்தியது. கத்தலாமா, கத்தினால் என்ன ஆகும் என்று யோசிப்பதற்குள் லாரி போய்விட்டது.

"ரெகுலர் கஸ்டமர் மேடம்" என்றார் மேலாளர். "ஒண்ணு விட்டு ஒரு நாள் வந்துடுவாரு. பக்கத்துப் பம்ப்பு காலியா இருந்தாக்கூட இதுக்குத்தான் நிப்பாரு."

குணாவைக் காற்றடிக்கும் இடத்துக்குப் பின்னால் கூட்டிப் போனேன்.

"அது யாருன்னு தெரியுமா?"

"தெரியாம இன்னா மேடம். மொத நாளே தெரியும்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உள்ள அனுப்பிடுவீங்க." கையை நீலச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். "அவரு இன்னா செஞ்சாலும் நான் ஓட மாட்டேன் மேடம். எனக்கு ஓடறதுக்கு மூஞ்சி கெடையாது."

அன்று பஸ்ஸில் வரும்போது என் அறிக்கையை மனதுக்குள் திரும்ப வாசித்தேன். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டேனே, அந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேனா? டேங்கர் ஓட்டுகிறவருக்குப் பதினொரு கிலோமீட்டர் ஒரு தூரமா? அதைவிடக் கொடுமை, பங்க் எது என்று அவருக்குச் சொன்னதே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் அடுத்தவன் உயிருக்கு வைத்திருந்தேன்.

ஞானராஜ் சாரிடம் சொன்னேன். என் பழைய அறிக்கையை எடுத்து வரச் சொன்னார். பதினோராவது பதிலை நாற்காலிக்கு வாசிக்கச் சொன்னார். 'தற்செயலாக' என்பதோடு நிறுத்திவிட்டேன். சார் போனை எடுத்துச் சிறைக் கண்காணிப்பாளரிடம் பேசினார். குணாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு நாள் உள்ளேயே வைக்க ஏற்பாடு.

"வெள்ளிக்கிழமை எனக்கு முடிவு வேணும். அவன் வெளிய தொடரணுமா வேண்டாமான்னு நீங்கதான் எழுதணும். நீங்க எழுதினதுதானே" என்றார்.

இரண்டு அறிக்கை எழுதினேன். ஒன்று, அனுமதியை ரத்து செய்யலாம் என்று, இரண்டு பக்கம், குறையே சொல்ல முடியாது. இன்னொன்று, தொடரலாம் என்று, பாதிப் பக்கத்தில் நின்றுபோயிருந்தது. முதல் அறிக்கை என் உத்தியோகத்தைக் காப்பாற்றும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ரத்தானால் குணாவுக்கு மறுபடி இப்படி ஒரு சந்தர்ப்பம் வர வருஷக்கணக்காகும், முன்கூட்டிய விடுதலைக் கோப்பிலும் அது கறுப்புப் புள்ளியாக நிற்கும். அதுவும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சார் அறையில் இரண்டு தாள்களோடு உட்கார்ந்திருந்தேன். கதவைத் தட்டாமல் மதி உள்ளே வந்தான். நான் கொடுத்த நகலில் ஆபீஸ் விலாசம் இருந்தது. லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு மாடி ஏறி வந்திருக்கிறான்.

"எங்க மேடம் அவன்? இன்னிக்கு பங்க்குல இல்ல" என்று கேட்டுக்கொண்டே காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் தன் இருக்கையிலிருந்து எழுந்து நின்றார். பிறகு மதி போகும்வரை உட்காரவே இல்லை.

"எதுக்குப்பா அங்க போறீங்க?" என்று கேட்டார்.

"சாரு, மேடம்தான் வூட்டாண்ட வந்து சொன்னாங்கோ, இன்ன பங்க்குல நிப்பான், இன்ன டைமுன்னு. அது வரைக்கும் நான் மணலியிலயே டீசல் போட்டுகினு இருந்தேன். மொத நாளு வேற மாதிரிதான் போனேன். பொய் இன்னாத்துக்கு? சீட்டுக்கு அடியில பெரிய ஸ்பேனர் கீது, கையில எடுத்துகினுதான் எறங்கினேன். அவன் மூஞ்சியப் பாத்தான். 'ஜீரோ பாத்துக்கோங்க'ன்னான். சொல்லும்போதே கை ஆடுது, டீசல் கீழ கொட்டுது. ஸ்பேனர வண்டிக்குள்ளயே போட்டுட்டேன்."

"அப்புறமும் போறீங்களே?"

"அந்த நடுக்கத்தப் பாக்கத்தான் போறேன். கோர்ட்டு குடுத்த தண்டன கவர்மென்டுக்கு. எனக்கு இன்னா குடுத்தீங்க? அவன் கை நடுங்கறதப் பாத்தா அன்னிக்கு எனக்கு சோறு எறங்குது. அவன உள்ள தூக்கிப் போட்டுட்டா நான் எங்க போய்ப் பாக்கறது?"

சார் என் பக்கம் திரும்பினார்.

"வாசிங்கம்மா."

முதல் அறிக்கையை எடுத்தேன். 'இறந்தவரின் சகோதரரால் கைதியின் உயிருக்கு ஆபத்து நேரக்கூடும் என்பதால்' என்று வந்ததும் நிறுத்தினேன். இத்தனை வருஷம் காற்றுக்கு வாசித்தவளுக்கு அன்றுதான் அங்கே ஓர் ஆள்.

"அதாவது நான் கொலகாரன்" என்றான் மதி. குரலை உயர்த்தவில்லை. "நான் இன்னா வேல செய்றேன்னு அன்னிக்கு நீங்க கேட்டிருந்தா சொல்லிருப்பேன் மேடம். நீங்க தூரத்தத்தான் கேட்டீங்க."

அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பாதியில் நின்ற இரண்டாவது அறிக்கையை அவன் முன்னாலேயே எழுதி முடித்தேன். குணா தொடரலாம், அந்தப் பம்ப்பில் ஒரு சிறைக் காவலர் கூட நிற்கவேண்டும், தவறு நேர்ந்தால் பொறுப்பு என்னுடையது. மதி கிளம்பும்போது கேட்டேன்.

"அந்த ஸ்பேனரை இங்க வெச்சுட்டுப் போறீங்களா?"

"அது வண்டி சாமான் மேடம். எல்லா லாரியிலயும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதைச் சொல்லாமலே போயிருக்கலாம். அதன் பிறகு இரண்டு வருஷம், ஒன்று விட்டு ஒரு நாள் பதினோரு மணிக்கு நான் நானாக இல்லை. சாலையில் போகிற லாரி ஒவ்வொன்றின் சீட்டுக்கடியிலும் எனக்கு அந்த ஸ்பேனர் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பதினொன்றேகாலுக்கு மேலாளருக்குப் போன் போடுவேன். "வந்தாரு, போட்டாரு, போனாரு" என்பார். அந்த மூன்று சொல்லைக் கேட்ட பிறகுதான் டிபன் டப்பாவைத் திறப்பேன். ரத்த அழுத்த மாத்திரை அப்போது ஆரம்பித்ததுதான், இன்றைக்கும் விழுங்குகிறேன். பதினேழாவது கேள்வியைப் பென்சிலால் சேர்த்ததும் மதி ஆபீஸுக்கு வந்துபோன அந்த வாரமே. சார் பார்த்தார், அழிக்கச் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் மேலாளரே கூப்பிட்டார். "மேடம், பத்து நாளா அந்த டேங்கர் வரல. நம்ம குணா சரியா சாப்பிட மாட்டேங்கறான். உங்களைப் பாக்கணுமாம்."

போனேன். குணா முகம் ஒட்டிப்போயிருந்தது.

"அவருக்கு இன்னா ஆச்சுன்னு பாத்துட்டு வர்றீங்களா மேடம்? லாரி கீரி அடிச்சிருக்குமோ? ஒடம்பு சரியில்லாம கீறாரா? நான் யாராண்ட போய்க் கேப்பேன்?"

மணலியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் மதியைப் பிடித்தேன். டீக்கடை பெஞ்சில் இருந்தான். நல்லபடியாகத்தான் இருந்தான். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். ஏன் போவதில்லை என்று கேட்டேன்.

"கடசியா போனப்போ அவன் 'ஜீரோ பாத்துக்கோங்க'ன்னான் மேடம்" என்றான். "நான் பாத்தேன்."

"அதனால என்ன?"

"ஜீரோவப் பாத்தேன். ரெண்டு வருசத்துல ஒரு தபா கூட நான் மீட்டரப் பாத்ததில்ல. அன்னிக்கு எல்லாரையும் மாதிரி மீட்டரப் பாத்துகினு நிக்கறேன். டீசல் போட்டு முடிச்சுட்டான். அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. அவன் கை நடுங்குச்சா இல்லையான்னே எனக்குத் தெரியல." கண்ணைத் துடைக்காமல் அப்படியே என்னைப் பார்த்தான். "ரெண்டு நிமிசம் பாபுவ மறந்துட்டேன் மேடம். இன்னொரு தபா போனா இன்னும் மறந்துடுவேன். அதான் போவல."

அவன் தோளைத் தொடவேண்டும் போல இருந்தது. சர்க்கார் புத்தி, தொடவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

குணா அடுத்த வருஷம் விடுதலையானான். எங்கே இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும், இங்கே எழுதமாட்டேன். ஷர்மிளா, டேப்லெட்டில் இடம் இல்லையென்றால் அந்தக் கேள்வியை வாயால் கேட்டுவிடு. கேட்டிருந்தால் குணாவை அந்தப் பங்க்குக்கு விடலாம் என்று நான் எழுதியிருக்கவே மாட்டேன். அது நல்லதாக இருந்திருக்குமா என்று என்னைக் கேட்காதே. எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அன்று மணலியிலிருந்து நேராகப் பங்க்குக்குத்தான் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வதென்று யோசித்து, கடைசியில் இருபத்தாறு வருஷத்தில் ஒரு கைதியிடம் நான் சொன்ன ஒரே பொய்யைச் சொன்னேன்.

"நல்லா இருக்காரு. லாரிக்கு ரூட் மாத்திட்டாங்க."

"இனிமே வரவே மாட்டாரா மேடம்?"

"வரமாட்டாரு."

"அப்டியா" என்றான். ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து நின்றாள். காவலர் கை காட்ட, குணா போய்க் குழாயை எடுத்தான். "ஜீரோ பாத்துக்கோங்க" என்றான். கை நடுங்கியது. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், அப்படியும் நடுங்கியது. அந்தப் பெண் ஜீரோவைப் பார்த்தாள். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.